மிச்ச சரக்கு யார் தலையில? புதுசா ஸ்நாக்ஸ் பிராண்ட் இறக்குறவங்களுக்கு ஏஜென்சி பக்கம் இருந்து ஒரு வழிகாட்டி

சின்னதா ஒரு யூனிட் போட்டிருக்கோம், முறுக்கு மிக்சர் கடலை மிட்டாய் சிப்ஸ் மாதிரி ஏதோ ஒன்னு பண்றோம், இனிமே ஏஜென்சி மூலமா கடைகளுக்கு அனுப்பணும்னு வர்றவங்க எல்லாரும் கேக்கற கேள்வி கிட்டத்தட்ட ஒன்னுதான். எத்தனை ஃப்ளேவர் போடலாம், அஞ்சு ரூபா பாக்கெட்டா பத்து ரூபா பாக்கெட்டா, டேட் எத்தனை நாள் வெக்கலாம், பவுச்சுக்கு எந்த டிசைன். நான் திண்டுக்கல் பக்கம் பதினோரு வருஷம் ஏஜென்சி நடத்தினவன், இப்ப சொந்தமா பொருள் பண்றேன், ரெண்டு பக்கமும் நின்னு பார்த்ததுல சொல்றேன், இந்தக் கேள்வி எல்லாத்துக்கும் முன்னாடி ஒரு கேள்வி இருக்கு. எவ்ளோ ஓடும்னு யாருக்குமே தெரியாது, அப்ப ஓடாம நின்னா அந்த மிச்ச சரக்கு யார் தலையில விழப்போகுது? இதுக்கு பதில் தெரிஞ்சாதான் ஃப்ளேவர், சைஸ், டேட், பவுச் எல்லாத்துக்கும் பதில் வரும்.

2023 சிறுதானிய வருஷம்னு ஐ.நா. அறிவிச்சப்ப எல்லாரும் கம்பு, கேழ்வரகு, தினைன்னு இறங்கினாங்க இல்லையா, அப்ப ஒரு கம்பெனி (பேர் வேணாம்) எங்க ஏஜென்சிக்கு குக்கீஸ், நூடுல்ஸ், லட்டு மிக்ஸ்னு மொத்தம் பதினாலு ஐட்டம் ஒரே லோடுல இறக்குச்சு. முதல் ரவுண்டு நல்லாவே போச்சு, கடைக்காரங்க புதுசுன்னு ஆளுக்கு ரெண்டு ரெண்டு பாக்கெட் வாங்கினாங்க, கம்பெனிக்காரங்க பில்ல பார்த்து சந்தோஷப்பட்டு அடுத்த லோடும் அனுப்பிட்டாங்க. மூணாவது வாரம் எங்க லைன் பையன் கடைக்கு போறான், அண்ணாச்சி தலைய தூக்காமலே மேல கைய காட்றார், "போன தடவ வெச்சதே அப்டியே தொங்குது பாரு தம்பி, மொதல்ல அத எடுத்துட்டு போ". பதினாலுல ரெண்டு ஐட்டம்தான் ஓடுச்சு, அந்த ரெண்டும் ஸ்டாக் இல்ல, மீதி பன்னெண்டு என் குடோன்ல பெட்டி பெட்டியா நிக்குது. டேட் முடிஞ்சு, நின்ன சரக்குக்கு காச திருப்பி கேட்டு க்ளெய்ம் போட்டா, ரிட்டர்ன் பத்தி பேசவே இல்லையேன்னு சொல்லிட்டாங்க. பணம் போனதவிட எனக்கு வருத்தம் என்னன்னா அந்த கேழ்வரகு குக்கீஸ் நிஜமாவே நல்ல பொருள், கூட வந்த பன்னெண்டும் சேர்ந்து அதையும் கடையில இருந்து வெளிய தள்ளிடுச்சு.

முதல்ல, கடைக்காரர் மனசுல ஓடுற கணக்க புரிஞ்சுக்கோங்க

இத புரிஞ்சுக்க ஒரு நாள் சரக்குதான் சுலபம், பன் எடுத்துக்குவோம். எம்ஆர்பி பத்து ரூபா, கடைக்கு எட்டு ரூபாய்க்கு போடறீங்க, உங்களுக்கு பண்ற செலவு நாலு ரூபான்னு வெச்சுக்கோங்க, நடுவுல ஏஜென்சி, வண்டிச் செலவெல்லாம் இப்போதைக்கு விட்ருங்க. ஒரு கடையில பத்து நாள் கேட்டு வந்தது இப்படி: 7, 4, 8, 11, 6, 5, 14, 8, 6, 9. சராசரி கிட்டத்தட்ட எட்டு. அப்ப அண்ணாச்சி தெனம் எட்டு பன் எடுப்பாரா? எடுக்க மாட்டார். ஒரு பன் வித்தா அவருக்கு ரெண்டு ரூபா லாபம், ஒரு பன் நின்னா எட்டு ரூபா நஷ்டம், அதாவது ஒன்னு நின்னா நாலு வித்த லாபம் போச்சு. தெனம் எட்டு எடுத்தார்னா பத்து நாள்ல 80 வாங்கி 68 விப்பார், கையில நிக்கிறது 40 ரூபா. தெனம் அஞ்சு மட்டும் எடுத்தார்னா 50 வாங்கி 49 விப்பார், 90 ரூபா நிக்கும். அதனால அவர் அஞ்சுதான் எடுப்பார், நீங்க எவ்ளோ பேசினாலும் அஞ்சுதான், அது பயமோ பிடிவாதமோ இல்ல, சரியான கணக்கு. பேப்பர் போடற பையன் எத்தனை பேப்பர் எடுக்கணும்ங்கற கணக்கும் இதேதான், காலேஜ்ல இதுக்கு பேரே நியூஸ்வெண்டார் கணக்குதான். அண்ணாச்சிங்க அத காலேஜ் போகாமலே தெனம் போட்டுட்டு இருக்காங்க.

இப்ப உங்க பக்கம் பாருங்க. அவர் அஞ்சு எடுத்தா பத்து நாள்ல உங்களுக்கு 50 பன், ஒன்னுக்கு நாலு ரூபா, 200 ரூபா. நிக்கிற பன்ன ஏழு ரூபாய்க்கு திருப்பி எடுத்துக்கறேன்னு சொல்லி பாருங்க. இப்ப அவருக்கு நின்னா நஷ்டம் ஒரு ரூபாதான், தைரியமா எட்டு எடுப்பார், 68 விக்கும், 12 திரும்பி வரும், அவர் கையில 124 ரூபா. உங்களுக்கு? 80 பன்னுக்கு 320 ரூபா, அதுல திரும்பி வந்த பன்னெண்டுக்கு 84 கழிச்சா 236. ரெண்டு பேருக்கும் கூடுதல், பன் இல்லன்னு திரும்பி போன ஆளும் கொறஞ்சாங்க. பிரெட் பன் வண்டிக்காரங்க காலைல வந்து பழசை எடுத்துட்டு புதுசு வெச்சுட்டு போறாங்கள்ல, அது தாராள மனசு இல்ல, இந்தக் கணக்குதான்.

ஆனா இதுல ஒன்னு கவனிங்க. ரிட்டர்ன் எடுக்கறேன்னு சொன்ன அந்த நிமிஷமே சந்தேகம் முழுக்க உங்க தலைக்கு வந்துடுச்சு. இப்ப நீங்க தேங்காய் பன், சாக்லேட் பன், டூட்டி ஃப்ரூட்டி பன், ஜாம் பன்னு நாலு வகை இறக்கினா என்ன ஆகும்? அதே எட்டு பேர்தான் வருவாங்க, நாலு வகையா பிரிஞ்சு வருவாங்க, ஒரு நாள் சாக்லேட் அஞ்சு போகும் தேங்காய் ஒன்னுகூட போகாது, அடுத்த நாள் தலைகீழ். மொத்தமா எட்டுன்னு யூகிக்கறது சுலபம், எந்த வகை எத்தனைன்னு யூகிக்கறது ரொம்ப கஷ்டம். ஒவ்வொரு வகையிலயும் கொஞ்சம் கூடுதலா வெக்கணும், ஒவ்வொன்னுலயும் கொஞ்சம் நிக்கும், நின்னது எல்லாம் உங்களுக்கே திரும்பி வரும். ரிட்டர்ன் எடுக்கலன்னாலும் தப்பிக்க முடியாது, கடைக்காரர் நாலுல ஓடுற ஒன்ன மட்டும் எடுத்துட்டு மீதி மூணையும் தொடவே மாட்டார். அதனால எத்தனை ஃப்ளேவர்ங்கற கேள்விக்கு ருசி வெச்சு மட்டும் பதில் சொல்ல முடியாது. மிச்சத்த தாங்கற ஆளு எவ்ளோ தாங்குவார்ங்கறதுதான் அளவு.

அடுத்தது, ஃப்ளேவர் கொறைங்க, இல்லன்னா ஃப்ளேவர லேட்டா போடுங்க

புதுசா வர்றவங்களுக்கு நான் சொல்றது ரெண்டு ஐட்டம், போனா மூணு, அவ்ளோதான். நெறைய பேருக்கு இது பிடிக்காது, ஷெல்ஃப்ல வரிசையா கலர் கலரா நின்னாதான் பிராண்ட் மாதிரி தெரியும்பாங்க. அது சூப்பர்மார்க்கெட்ல சரி, மளிகைக் கடையில உங்களுக்கு கெடைக்கறது ஒரு கொக்கி, ஒரு சரம் தொங்கற எடம்.

இல்ல எனக்கு வகை வேணும்தான்னா, அதுக்கு ஒரு நல்ல வழி இருக்கு, வகை பிரியற எடத்த முடிஞ்ச வரைக்கும் கடைசிக்கு தள்ளுங்க. இத்தாலியில பெனட்டன் கம்பெனி ஸ்வெட்டர்ல இதத்தான் பண்ணாங்க, நூலுக்கு சாயம் போட்டு பின்னறதுதான் வழக்கம், அவங்க சாயம் போடாம வெள்ளையாவே பின்னி வெச்சுட்டாங்க, அந்த சீசன்ல எந்த கலர் ஓடுதுன்னு தெரிஞ்ச பெறகு சாயத்துல முக்கினாங்க. எச்பி கம்பெனி பிரிண்டர்லயும் இதே யோசனை, எல்லா நாட்டுக்கும் பொதுவா ஒரே பிரிண்டர பண்ணி ஐரோப்பாவுக்கு அனுப்பி, எந்த நாட்டுக்கு ஆர்டர் வருதோ அந்த நாட்டு பவர் சப்ளையும் புக்கும் அங்க இருக்கற குடோன்லயே வெச்சு பேக் பண்ணாங்க.

நம்ம சிப்ஸ்ல இத எப்படி பண்றது? நேந்திரங்காய வெறும் உப்போட பொரிச்சு பெரிய கவர்ல காத்து போகாம கட்டி வெச்சுக்கோங்க, மிளகு, காரம், புதினா தூள எல்லாம் ஆர்டர் வந்த அன்னிக்கு கலக்குங்க. மிக்சர்ல முடியாது, சிப்ஸ், கடலை, பொரி மாதிரி ஐட்டத்துல நல்லாவே முடியும். அப்ப பொரிச்ச சரக்கு ஒன்னுதான், எந்த ருசி ஓடினாலும் அதுக்கு போகும்.

இதவிட பெரிய விஷயம் பவுச். புதுசா வர்றவங்க பணத்த தொலைக்கற எடம் இதுதான், அதனால கொஞ்சம் விரிவாவே சொல்றேன். பவுச்சுக்கு கலர்ல பிரிண்ட் பண்ண பிளாஸ்டிக் ரோல் வேணும்னா கலருக்கு ஒரு சிலிண்டர் (பிரிண்ட் அடிக்கற உருளை) போடணும், சிலிண்டர் காசு தனி, அதுக்கு மேல பிரிண்டர் இத்தனை கிலோவுக்கு கொறஞ்சா ஓட்ட மாட்டேம்பார். நாலு ஃப்ளேவர்னா நாலு செட்டு சிலிண்டர், நாலு ரோல் ஸ்டாக். சிப்ஸ் ஓடலன்னா சிப்ஸ் நஷ்டம் சின்னதுதான், ரூம்ல நிக்கிற ரோல்தான் பெரிய நஷ்டம், ஏன்னா சிப்ஸ யாராவது சாப்ட்டுடலாம், பேர் போட்ட ரோல யாருக்கும் விக்க முடியாது. அதனால முதல் ஆறு மாசம் பிளெயின் பவுச்ல இல்லன்னா ஒரே பொது டிசைன்ல போங்க, ஃப்ளேவர் பேரும் அதோட மூலப்பொருள் பட்டியலும் ஸ்டிக்கர்ல வரட்டும், எம்ஆர்பி, பேட்ச், தேதி எல்லாம் பேக் பண்ற நேரத்துல அடிக்கற மாதிரி வெச்சுக்கோங்க. 2025 செப்டம்பர் 22ல ஜிஎஸ்டி மாறி மிக்சர் முறுக்கு வகையெல்லாம் 12ல இருந்து 5 சதவீதத்துக்கு வந்துச்சு, வெலைய ரோல்லயே பிரிண்ட் பண்ணி வெச்சிருந்தவங்களுக்கும் பேக்கிங் நேரத்துல அடிச்சவங்களுக்கும் எவ்ளோ வித்தியாசம்னு அந்த ஒரு மாசத்துல தெரிஞ்சிருக்கும். தீபாவளி டப்பாவும் இப்படித்தான், டப்பா மேலயே தீபாவளி வாழ்த்து பிரிண்ட் பண்ணாதீங்க, அது மறுநாள் காலைல குப்பை, மேல சுத்தற பட்டையில போடுங்க, நின்னா பட்டைய உருவிட்டு பொங்கலுக்கு ஓட்டலாம்.

பாக்கெட் சைஸ், கட்டு சைஸ்

கடலூர்ல சின்னிகிருஷ்ணன் ஷாம்பூவ சின்ன சாஷேல போட்டு விக்க ஆரம்பிச்சதையும், அவர் மகன் சி.கே. ரங்கநாதன் 1983ல பதினஞ்சாயிரம் ரூபாயோட தனியா வந்து சிக் ஷாம்பூ ஆரம்பிச்சதையும் எல்லாரும் ஏழை மக்களுக்கு வெலை கட்டுப்படியாச்சுன்னு மட்டும்தான் சொல்லுவாங்க. அது உண்மைதான். ஆனா ஏஜென்சி கண்ணுல பார்த்தா இன்னொன்னும் நடந்துச்சு, புது பொருள வெச்சு பார்க்கறதுக்கு கடைக்காரருக்கு ஆகற நஷ்டம் ஒரு சரம் அளவுக்கு சுருங்கிடுச்சு. பாட்டில் ஒரு டஜன் நின்னா அவர் திட்டுவார், ஒரு சரம் நின்னா கொக்கியில தொங்கும், அவ்ளோதான். காலி சாஷே அஞ்சு கொண்டுவந்தா ஒரு சிக் சாஷே இலவசம்னு அவங்க கொடுத்ததும், முதல்ல எந்த பிராண்ட் காலி சாஷேயும் வாங்கிட்டு பெறகு சிக் சாஷே மட்டும்தான்னு மாத்தினதும், ஒரு வகையில நிஜமா தலைக்கு தேய்ச்சவங்க எத்தனை பேர்னு கையில எண்ணி பார்த்த மாதிரிதான்.

உங்களுக்கு இதுல இருந்து எடுத்துக்க வேண்டியது, பாக்கெட் வெலைய யோசிக்கற அளவுக்கு கட்டு சைஸையும் யோசிங்க. ஒரு கடை கொறஞ்சது எத்தனை பாக்கெட் வாங்கியே ஆகணும்ங்கறதுதான் கட்டு சைஸ். பத்து ரூபா பாக்கெட் 48 இருக்கற பெட்டிய பிரிக்க மாட்டேன்னு சொன்னா சின்ன கடை வாங்காது, பன்னெண்டு பாக்கெட் இருக்கற சரமா போட்டா வாங்கும், ரெண்டு ருசி ஆறு ஆறா கலந்த சரமா போட்டா இன்னும் சுலபமா வாங்கும். கலந்த சரத்துல ஒரு கஷ்டம் இருக்கு, ஒன்னு ஓடி இன்னொன்னு நிக்கும், அண்ணாச்சி ஓடினத மட்டும் தனியா கேப்பார். கேக்கட்டும், அதுதான் உங்களுக்கு வேண்டிய தகவலே.

டேட் எத்தனை நாள்

தொண்ணூறு நாள் டேட்னு பவுச்ல இருக்கு, சந்தோஷம். அந்த தொண்ணூறு எங்க எங்க கரையுதுன்னு ஒரு பேப்பர்ல எழுதுங்க. உங்க குடோன்ல பத்து நாள், சூப்பர் ஸ்டாக்கிஸ்ட் (உங்ககிட்ட மொத்தமா வாங்கி ஏஜென்சிங்களுக்கு பிரிச்சு போடறவர்) கிட்ட பதினஞ்சு, டிஸ்ட்ரிபியூட்டர் (அதாவது ஏஜென்சிக்காரர்) கிட்ட இருபது, லைன் வண்டி அந்த தெருவுக்கு வர்ற நாள் வரைக்கும் ஒரு வாரம், ஏற்கனவே அம்பத்திரெண்டு நாள் ஆச்சு, கடையில மிஞ்சறது முப்பத்தெட்டு. இது எல்லாம் சரியா ஓடினா. எவ்ளோ ஓடும்னு தெரியாத சரக்குக்கு ஒவ்வொரு கையும் கொஞ்சம் கூடுதலா வெச்சுக்கும், அப்ப ஒவ்வொரு கையிலயும் நாள் கூடும், கடைக்கு வரும்போது எண்ணெய் வாடை தட்டும். பொருள் நல்லா இல்லன்னு சொல்லுவாங்க, பொருள் நல்லாதான் இருந்துச்சு, வழியில கெழவனாயிடுச்சு.

இதுக்கு ரெண்டு வழி. ஒன்னு டேட்ட கூட்டறது, நைட்ரஜன் அடிச்சு, நல்ல லேமினேட் பவுச் போட்டு. அதுக்கு செலவு இருக்கு, சில பலகாரத்துக்கு சரிப்பட்டும் வராது. இன்னொன்னு கையக் கொறைக்கறது, சூப்பர் ஸ்டாக்கிஸ்ட் வேணாம், பக்கத்து ரெண்டு மாவட்டம் மட்டும் நேரடி டிஸ்ட்ரிபியூட்டர். நான் ரெண்டாவதத்தான் சொல்லுவேன், முதல் வருஷம் தமிழ்நாடு முழுக்க போகணும்னு யாரும் உங்கள கேக்கல. முப்பது நாள் டேட் இருக்கற பொருளுக்கு நீளமான சேனல் ஒத்தே வராது, அத பேக்கரி, டீக்கடை ஜார்னு நீங்களே வண்டியில போடுங்க. ஆன்லைன்ல விக்கறதா இருந்தா இதையும் பாருங்க, 2024 நவம்பர்ல எஃப்எஸ்எஸ்ஏஐ (மத்திய அரசோட உணவுப் பாதுகாப்பு ஆணையம்) ஆன்லைன் கம்பெனிங்கள கூப்ட்டு, ஆள் கையில சேரும்போது டேட்ல 30 சதவீதமோ இல்ல 45 நாளோ மிச்சம் இருக்கணும்னு சொல்லியிருக்கு. சின்ன டேட் பொருள் அந்த குடோன்ல ரொம்ப நாள் உக்கார முடியாது.

ஆர்டர நம்பாதீங்க, கொக்கிய எண்ணுங்க

இது ரொம்ப முக்கியம், இத சரியா பண்ணாம மேல சொன்ன எதையும் பண்ண முடியாது. நீங்க டிஸ்ட்ரிபியூட்டருக்கு பில் போட்டது பிரைமரி, அவர் கடைக்கு போட்டது செகண்டரி, கடையில இருந்து ஆள் கைக்கு போறதுதான் நிஜ விற்பனை. புதுசா வர்றவங்க பிரைமரிய பார்த்துட்டு ஓடுதுன்னு முடிவு பண்ணி அடுத்த ஃப்ளேவர் இறக்கிடுவாங்க. அது வெறும் குடோன் மாறின சரக்கு.

2017 ஜூலை 1ல ஜிஎஸ்டி வந்துச்சு, அதுக்கு முந்தின ஜூன்ல டிஸ்ட்ரிபியூட்டர் எல்லாரும் பழைய வரியில வாங்கின சரக்கு கையில மாட்டிக்குமேன்னு எடுக்கறதையே கொறச்சாங்க, கம்பெனி கணக்குல விற்பனை விழுந்த மாதிரி தெரிஞ்சுது. ஜூன் மாசம் மட்டும் ஜனங்க பல் வெளக்காமலா இருந்தாங்க? இதுக்கு தலைகீழா தீபாவளிக்கு முன்னாடி பத்துக்கு ஒன்னு ஃப்ரீன்னு ஸ்கீம் விட்டா ஒரே மாசத்துல மூணு மாச சரக்கு போகும், அடுத்த ரெண்டு மாசம் ஆர்டரே வராது. பிராக்டர் அண்ட் கேம்பிள் கம்பெனியில பாம்பர்ஸ் டயாப்பர் கணக்க பார்த்தப்பவும் இதேதான், கொழந்தைங்க டயாப்பர் போடறது கிட்டத்தட்ட ஒரே சீரா இருந்துச்சு, கடை விற்பனையிலயும் பெருசா ஏத்த எறக்கம் இல்ல, டிஸ்ட்ரிபியூட்டர் ஆர்டர்ல ஆட்டம் ஜாஸ்தி, கம்பெனி தன்னோட சப்ளையருக்கு போட்ட ஆர்டர்ல அதவிட ஜாஸ்தி. ஸ்டான்ஃபோர்ட்ல ஹாவ் லீயும் கூட இருந்தவங்களும் 1997ல இத விவரமா எழுதினாங்க, சாட்டைய கைப்பிடியில லேசா அசைச்சா நுனி எப்படி வீசுது, அந்த மாதிரி. நீங்க அந்த நுனியில இருக்கீங்க.

அதனால இத பண்ணுங்க. உங்க ஏரியாவுல இருபது கடை பொறுக்கி எடுங்க, பஸ் ஸ்டாண்ட் கடை ரெண்டு, ஸ்கூல் வாசல் ரெண்டு, மெயின் ரோடு மளிகை, உள் தெரு பொட்டிக்கடை, டீக்கடைன்னு கலந்து. வாரம் ஒரு நாள், ஒரே கிழமையில, நீங்களே போங்க, சம்பள ஆள அனுப்பாதீங்க. ஒரு நோட்டுல மூணு நம்பர் போதும், போன வாரம் இருந்தது, நடுவுல வாங்கினது, இப்ப தொங்கறது. முதல் ரெண்ட கூட்டி மூணாவத கழிச்சா வித்தது. கொக்கி காலியா இருந்தா அந்த வாரத்து நம்பர சுத்தி வட்டம் போடுங்க, ஏன்னா அது வித்த அளவுதான், கேட்ட அளவு இல்ல, பன்னெண்டு வித்து தீர்ந்துச்சுன்னா கேட்டு வந்தவங்க பதினஞ்சா முப்பதான்னு அந்த நம்பர்ல தெரியாது. எப்ப தீர்ந்துச்சுன்னு அண்ணாச்சிகிட்ட கேளுங்க, "ரெண்டே நாள்ல போச்சுப்பா"ன்னு சொன்னா அதையும் பக்கத்துல எழுதுங்க. யார் வாங்கறாங்கன்னும் கேளுங்க. எனக்கு ஒரு கடையில, பசங்களுக்குன்னு போட்ட கடலை மிட்டாய சாயங்காலம் வேலை முடிஞ்சு வர்ற மில்லு ஆளுங்கதான் வாங்கறாங்கன்னு இப்படித்தான் தெரிஞ்சுது, அப்பறம்தான் அந்த கார்ட்டூன் கவர மாத்தினேன்.

எட்டு வாரம் எழுதுங்க, அதுக்குள்ள எந்த புது ஐட்டமும் வேணாம். அந்த எட்டு வாரத்துல மழை, பண்டிகை, ஸ்கூல் லீவு எது வந்தாலும் ஓரத்துல குறிச்சு வெக்கணும், சிப்ஸ்காரங்களுக்கு அது சின்ன விஷயம், கூல் டிரிங்ஸ் பண்றவங்களுக்கு அதுதான் எல்லாமே, 2025 கோடையில எதிர்பாராம பெஞ்ச மழையில பெரிய பெரிய குளிர்பானக் கம்பெனிக்கே விற்பனை கொறஞ்சுது.

ஏஜென்சிகிட்ட என்ன பேசி எழுதிக்கணும்

மொத்த ரிட்டர்னும் எடுத்துக்கறேன்னு சொன்னா டிஸ்ட்ரிபியூட்டர் தேவைக்கு மேல ஏத்திக்குவார், நின்னா அனுப்பிடலாம்னு விக்கறதுக்கு மெனக்கெட மாட்டார். எதையும் எடுக்க மாட்டேன்னா முதல்லயே கம்மியா எடுப்பார், புது ஐட்டத்த தொட மாட்டார். என் அனுபவத்துல ஒத்து வர்றது நடுவுல ஒன்னு. புது ஐட்டத்துக்கு முதல் மூணு மாசம் ஓடாத சரக்க முழுசா மாத்தி கொடுக்கறது, காசா இல்ல, ஓடுற ஐட்டமா. மூணு மாசத்துக்கு அப்பறம் ரிட்டர்னுக்கு ஒரு வரம்பு, எடுத்த சரக்குல இத்தனை சதவீதம்னு. டேட் முடிய முப்பது நாள் இருக்கும்போதே சொல்லணும், முடிஞ்ச பெறகு சொன்னா கெடையாது, ஏன்னா முப்பது நாள் இருந்தா அத வேற ஓடுற ஏரியாவுக்கு திருப்பலாம். டேமேஜ் வேற எக்ஸ்பயரி வேற, ரெண்டையும் தனித்தனியா எழுதிக்கோங்க. க்ளெய்ம் வந்தா எத்தனை நாள்ல கழிப்பீங்கன்னு நீங்களும் எழுதி கொடுங்க, கொடுத்தா அந்த நாளுக்குள்ள கழிங்க. வாய்ப் பேச்சுல விட்ட ஒரு வரியாலதான் என் குடோன்ல அந்த பன்னெண்டு ஐட்டம் நின்னுச்சு.

இதுக்கு பதிலா அவர்கிட்ட ஒன்னு கேட்டு வாங்குங்க, செகண்டரி கணக்கு, எந்த கடைக்கு எது எத்தனைன்னு வாரா வாரம். மிச்சத்த நான் தாங்கறேன், அதுக்கு எனக்கு தகவல் கொடுங்க அண்ணேன்னு நேராவே சொல்லலாம், பெரும்பாலும் கொடுத்துடுவாங்க. இப்ப எல்லார்கிட்டயும் பில்லிங் ஆப் இருக்கு, ஒரு எக்ஸல் ஃபைல் அனுப்பறது அவங்களுக்கு பெரிய வேலை இல்ல.

சூப்பர்மார்க்கெட் பத்தி சுருக்கமா, அது வேற உலகம், அங்க 200 கிராம் பெரிய பாக்கெட், நல்ல பவுச், ஷெல்ஃப்ல எடம் கெடைக்க கொடுக்கற காசு, ரிட்டர்ன் எல்லாமே உங்க தலையில, பேமென்ட்டும் லேட்டா வரும். மளிகையில ஓடின ஒரே ஒரு ஐட்டத்த மட்டும் பெரிய சைஸ்ல அங்க கொண்டு போங்க, புது ருசிய அங்க போய் சோதிக்காதீங்க.

எப்ப நிறுத்தறதுன்னு இறக்கறதுக்கு முன்னாடியே எழுதுங்க

ஒவ்வொரு ஐட்டத்துக்கும் இறக்கற அன்னிக்கே நோட்டுல ஒரு தேதியும் ஒரு நம்பரும் எழுதுங்க. இந்த தேதியில இருபது கடையில இத்தனை கடை, நாம சொல்லாம தானா ரெண்டாவது தடவ கேட்டிருக்கணும். நான் வெக்கறது எட்டாவது வாரம், இருபதுல ஒம்போது கடை. முதல் ஆர்டர் கணக்கே இல்ல, அது லைன் பையன் முகத்துக்காக வாங்கினது, ரெண்டாவது ஆர்டர்தான் பொருளுக்காக வர்றது. நம்பர் வரலன்னா அந்த ஐட்டத்த நிறுத்திட்டு இருக்கற சரக்க உடனே, டேட் நெறைய இருக்கும்போதே, ஓடுற கடைக்கு திருப்பிடுங்க. இங்கதான் மனசு கேக்காது, வீட்டுல அம்மா சொல்லி கொடுத்த பக்குவம், இன்னும் ரெண்டு வாரம் பார்ப்போம்னு தோணும். எனக்கு பூண்டு முறுக்குல அப்படித்தான் ஆச்சு, ஆறு கடைதான் திருப்பி கேட்டுச்சு, ரெண்டு நாள் நோட்டையே பார்த்துட்டு உக்காந்திருந்தேன், அப்பறம் நிறுத்திட்டேன். அந்த ஆறுல நாலு கடை பழனி ரோடு டீக்கடைங்கன்னு நோட்டுல இருந்துச்சு. இப்ப அது பாக்கெட்ல இல்ல, ஜார்ல, அந்த நாலு கடைக்கு மட்டும், ஒரு நாள் விட்டு ஒரு நாள் காலைல புதுசா போகுது.